சாதுவான கட்டி

திருமங்கலம் தாண்டிவிட்டது, இன்னும் நான் சொல்லவில்லை. மாட்டுத்தாவணியில் ஏறும்போது, உட்கார்ந்ததும் சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்ததும், டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல்வோம் என்று பட்டது. டிக்கெட் எடுத்த பிறகு, முன் சீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறதே, அது ஓயட்டும் என்று பட்டது. அது ஓய்ந்து தூங்கியும் போய்விட்டது. கௌசிகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எந்த பஸ்ஸிலும் இடது பக்கத்து சீட்டைத்தான் பிடிப்பாள், இடது கன்னம் வெளியே பார்த்திருக்கிற மாதிரி, உள்ளே இருக்கிறவர்கள் யாரும் பார்க்க முடியாத மாதிரி. எனக்குத் தெரிவது வலது கன்னம் மட்டும். இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் இவளுக்கு எதுவுமே நடந்ததில்லை. பதினாலு வயதுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, நெற்றியில் வேர்வையில் ஒட்டிய முடி, காதில் சின்னத் தோடு. இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு கோவில்பட்டி வரைக்கும் போய்விடலாம் போலிருக்கிறது. ஆனால் டாக்டர் ஜெபராணி சொன்ன குரல் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. வந்திருக்கும்மா, என்றார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, கௌசிகாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்ப வந்திருக்கும்மா, என்றார். யாரோ சொந்தக்காரர் வந்திருப்பதைச் சொல்கிற மாதிரி மெதுவாக. நான் அந்தப் படத்தைப் பார்க்காமல் அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை இப்படி யாரும் கதவைச் சாத்தவில்லை. அப்போது அவளுக்குப் பதினொன்று ஆகியிருக்கவில்லை. ஹாக்கி மைதானத்திலிருந்து வந்தவள் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. பந்து பட்டுச்சா என்றேன், படலியே என்றாள். வலிக்குதா என்றேன், வலிக்கவேயில்ல என்றாள். வலிக்காத வீக்கத்துக்கு யார் பயப்படுவார்கள்? கோவில்பட்டியில் பாதிப் பிள்ளைகள் மட்டையோடு அலைகிறார்கள், ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு உதடு, என் பிள்ளைக்குக் கன்னம் என்று நினைத்தேன். வாரம் போக வீக்கம் போகவில்லை. பல் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர் ஆடுகிற பால் பல் ஒன்றைப் பிடுங்கினார், இதுதான் காரணமாயிருக்கும், வடிஞ்சிரும் என்றார். வடியவில்லை. மறுபடி போனபோது அவரே கையைப் பிசைந்துகொண்டு, மதுரைக்குப் போய்த் தாடை முழுக்கப் படம் எடுத்திருங்கம்மா, என் கைல இருக்கிற சின்னப் படத்துல ஓரம் தெரியல என்றார். ஓரம் தெரியல. அந்த வார்த்தை எனக்கு அப்போது விளங்கவில்லை. மதுரையில் அவளை ஒரு கம்பத்தோடு நிற்கவைத்து, மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, ஒரு கை மாதிரி மிஷின் அவள் தலையைச் சுற்றி வந்தது. ஆடாம நில்லு பாப்பா என்றார்கள். கோல் போஸ்ட் முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள். படம் வந்தது. பல் பல்லாக வரிசையாய் இருக்க, இடது பக்கம் கீழே கறுப்பாய் ஒரு குழி. குழிக்கு அடியில் தாடையின் ஓரத்தில் ஒரு பல் படுத்துக்கிடந்தது. அது இன்னும் முளைக்காத பல்லும்மா, கட்டி அதை அங்க தள்ளிக் கொண்டுபோயிருக்கு என்றார் ஜெபராணி டாக்டர். அன்றைக்குத்தான் அவரை முதல்முதலாய்ப் பார்த்தேன். குட்டையாய், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, கௌசிகாவிடம், உனக்கு எந்த பொசிஷன் என்று கேட்டவர். என்ன கட்டி டாக்டர் என்றேன். ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும் என்றார்.

துணுக்கு எடுக்க விடாதே என்று மதினி போனில் கத்தினாள். என் வீட்டுக்காரருடைய அக்கா, சாத்தூரில் இருக்கிறாள், நல்லவள்தான், எல்லாவற்றிலும் பயம். கத்தி பட்டா பரவிரும் வல்லி, எங்க தெருவுல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு என்றாள். நான் எடுக்க விட்டேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன். முடிவு வருகிறவரை நான் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை வைக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் பார்த்துக்கொண்டே வைத்தேன். எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு கன்னமும் ஒரே மாதிரி இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேலெல்லாம் கோபம் வந்தது. முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் சிரித்தார். புற்று இல்லம்மா. பல் உருவாகிற செல்லுலேருந்து வர்ற கட்டி, பிள்ளைகளுக்கு ரொம்ப அபூர்வமா வரும், சாதுவான கட்டிதான் என்றார். நான் அங்கேயே அழுதேன். வராந்தாவுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன், லாரியில் தீப்பெட்டி லோடோடு நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார், சாதுவான கட்டியாம்ங்க என்றேன், அவரும் அழுதார், பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. சாது. அந்தச் சொல்லை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சாது சாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்கு அப்புறம் டாக்டர் சொன்னது எதுவும் சரியாக உள்ளே இறங்கவில்லை. சாதுவானதுதான், வேற எடத்துக்குப் பரவாது, ஆனா இருக்கிற எடத்துல எலும்பை அரிச்சுக்கிட்டே இருக்கும்மா, வேர் விட்டு நிக்கும், முழுசா எடுக்கலைன்னா திரும்ப வரும் என்றும் சொன்னாரே. அதே மூச்சில்தானே சொன்னார்.

அப்புறம்தான் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கட்டிக்கு ஒரு வாசல் திறந்து சின்னக் குழாய் வைத்துச் சுருங்கவிட்டு, பிறகு சுரண்டி எடுப்பது. தாடை அப்படியே இருக்கும், முகம் மாறாது, ஆனால் திரும்ப வரலாம், பல வருசம் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, கட்டி இருக்கிற துண்டு எலும்பையே எடுத்துவிட்டு பிளேட் வைப்பது. அநேகமாய்த் திரும்ப வராது. ஆனால் வளர்கிற பிள்ளை, ஒரு பக்கம் வளர்ந்து ஒரு பக்கம் நின்றுவிடலாம், பிறகு இன்னும் ஆப்பரேஷன் வரும். எது டாக்டர் நல்லது என்றேன். இந்த வயசுல நிறைய பேர் மொதல்ல சுரண்டித்தான் பாப்போம், ரெண்டுமே தப்பில்ல, வீட்ல பேசிட்டு வாங்க என்றார். வீட்டில் யாரிடம் பேச? அவரைக் கூப்பிட்டேன். விட்டு விட்டுக் கேட்டது. நீ பாத்துச் செய்யி வல்லி, நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும் என்றார். அவர் நம்பிக்கையோடுதான் சொன்னார். அந்த நம்பிக்கையை ஏன் என் தலையில் வைத்தீர்கள் என்று மூன்று வருசமாய் அவரிடம் கேட்க நினைக்கிறேன். மதினி சொன்னாள், பொம்பளப்புள்ள மொகம்ல, கோணிப்போனா நாளைக்கு யாரு கட்டுவா. மதினி சொன்னாள் என்று சொல்கிறேன். மதினி சொல்வதற்கு முன்னாலேயே நான் அதைத்தானே நினைத்தேன். டாக்டர் அறையில் அந்த இரண்டாவது வழியைக் கேட்ட நிமிஷமே, கல்யாண மேடையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணைத்தானே பார்த்தேன். சுரண்டியே எடுத்திருங்க டாக்டர் என்றேன். டாக்டர் எழுதப்போனவர் நிமிர்ந்து, பாப்பாகிட்ட கேட்டீங்களா என்றார். அவளுக்கு என்ன டாக்டர் தெரியும், சின்னப்பிள்ள என்றேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் அப்போது நின்றதா? நின்றது என்று இப்போது தோன்றுகிறது. நானாக நிறுத்திப் பார்க்கிறேனோ என்னவோ.

விருதுநகர். ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். கௌசிகா தூங்கவில்லை, கண்ணை மூடியிருக்கிறாள், இமை அசைகிறது. அந்தக் குழாயை வைத்துக்கொண்டு அவள் எத்தனை மாசம் இருந்தாள். தினமும் காலையிலும் சாயந்திரமும் ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து, வாயை ஆவென்று திறக்கச் சொல்லி, அந்தத் துவாரத்துக்குள் பீய்ச்ச வேண்டும். முதல் நாள் நான் தண்ணீரை உதட்டில் பீய்ச்சிவிட்டதைப் பார்த்து அவளே சிரிஞ்சை வாங்கிக்கொண்டாள். குடு, நானே அடிச்சுக்கிறேன் என்றாள். கண்ணாடி முன்னால் நின்று அவளே கழுவினாள். வெளியே வருகிற தண்ணீரில் சோற்றுப் பருக்கை வரும். அதைப் பார்த்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போவாள். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை ஒரு தடவை, வாய் நாறுதுடி என்று சொன்னதை எனக்கு டீச்சர்தான் சொன்னார், இவள் சொல்லவில்லை. கட்டி சுருங்கியது. ஆப்பரேஷன் நடந்தது, சுரண்டினார்கள், இரண்டு பல் போனது, அந்தப் படுத்துக்கிடந்த பல்லும் போனது. முகம் அப்படியே இருந்தது. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாய்ச் சொன்னார். எலும்பு முட்டை ஓடு மாதிரி இருக்கு, ஊறி வர்ற வரைக்கும் ஹாக்கி கூடாது, ஒரு பந்து பட்டா ஒடைஞ்சிரும். சரி என்று நான்தான் சொன்னேன். இவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மட்டையைத் துடைத்து பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். கொஞ்ச நாள் மைதானத்துக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோச் சார் அவளை ஸ்கோர் சொல்ல வைத்தார். அப்புறம் அதற்கும் போகவில்லை. கூட ஆடின பிள்ளைகள் மாநில அணிக்குப் போனார்கள், பேப்பரில் படம் வந்தது, அந்தப் பேப்பரை அவள்தான் எனக்கு எடுத்துக் காட்டினாள். இதுல சின்னவளா நிக்கிறாள்ல, அவ என் எடத்துல ஆடுறா என்றாள். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சம் அவள் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது, அதனால் அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று. மூன்று வருசமாய் அதுதான் என் வேலை. காபி கொடுக்கும்போது, தலை பின்னும்போது, சண்டை போடும்போதுகூட. முகம் தப்பித்தது, முகம் தப்பித்தது என்று.

இப்போது முகமும் தப்பிக்கவில்லை. பழைய எடத்துக்குப் பின்னாடி, காதுப் பக்கமா ஏறியிருக்கும்மா, இந்தத் தடவ சுரண்ட முடியாது, அந்தத் துண்டை எடுத்துத்தான் ஆகணும் என்றார் டாக்டர். அப்ப எடுக்கணும்னு சொன்னதவிடப் பெரிய துண்டா என்று கேட்டேன். கொஞ்சம் பெரிசுதான் என்றார். பிளேட் வச்சுட்டு அப்புறம் இடுப்புலேருந்து எலும்பு எடுத்து வைக்கலாம், இது இன்னைக்கு நேத்து செய்யற வைத்தியம் இல்ல, பயப்படாதீங்க, ஆனா இந்தத் தடவ அவகிட்டயும் கேளுங்க, சம்மதிச்சுத்தான் படுக்கணும் என்றார். அப்போது ஒரு கேள்வி என் தொண்டைவரை வந்தது. மூணு வருசத்துக்கு முன்னாலயே எடுக்கச் சொல்லியிருந்தா? வந்தது, நின்றது, திரும்பிப் போய்விட்டது. அதற்கு டாக்டர் என்ன சொன்னாலும் நான் எப்படி எழுந்து வெளியே போவேன், வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாளே. அதனால், வாரேன் டாக்டர் என்று மட்டும் சொன்னேன்.

சாத்தூரில் பஸ் நின்றதும் வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஜன்னலை மொய்த்துவிட்டார்கள். கௌசிகா கண்ணைத் திறந்து, யம்மா வாங்கு என்றாள். வாங்கினேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் கீறியதை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொண்டோம். பஸ் கிளம்பியது. அவள் கடித்தாள். கடித்ததை நாக்கால் வலது பக்கம் ஒதுக்கி, வலது பக்கமே மென்றாள். அடுத்த கடியும் அப்படியே. சுரண்டின பிறகு கொஞ்ச நாள் அப்படித்தான் தின்றாள், அப்புறம் சரியாகிவிட்டது, முந்தின வருசத் தீபாவளிக்கு முறுக்கை இரண்டு பக்கமும் நொறுக்கினாள், நான்தான் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எப்போது மறுபடி ஒரு பக்கமாய் ஆரம்பித்தாள்? கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவள் மெல்லுவதை எப்படிப் பார்க்காமல் போனேன்?

“திரும்ப வந்திருச்சாம்மா?” என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே.

வெள்ளரிக்காயைக் கீழே இறக்கினேன். “யாரு சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. நாக்கு போய் அங்கனயே நிக்கும். கடைசிப் பல்லுக்குப் பின்னால மேடா இருக்கு.”

“எப்பருந்துட்டி?”

“காலாண்டுப் பரீட்சை அப்ப.”

இப்போது அரையாண்டே முடிந்துவிட்டது. “ஏன்ட்டி சொல்லல? அப்பவே வந்திருக்கலாம்லா?”

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். “சொன்னா நீ மறுபடியும் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்ப. நான் பேசுறது ஒனக்குக் கேக்காது. இப்பத்தான் கொஞ்ச நாளா கொறைச்சிருக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். இல்லட்டி, அப்படி இல்லட்டி என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தேன், அது எனக்கே கேட்கவில்லை. அவள் என் கையில் கடிக்காமல் இருந்த வெள்ளரிக்காயை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

“எலும்ப எடுக்கணுமாக்கும்?”

“ஆமா.”

“எடுத்துட்டா அப்புறம் ஹாக்கி ஆடலாமா?”

தெரியவில்லை. நான் கேட்கவில்லை. தழும்பு வெளியே தெரியுமா என்று கேட்டேன், பேச்சு குழறுமா என்று கேட்டேன், மோவாய் எந்தப் பக்கம் இழுக்கும் என்றுகூடக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. இந்தத் தடவையும் இல்லை, அந்தத் தடவையும் இல்லை. “நான் கேக்கலட்டி” என்றேன். அவள், “ஒன் போன்ல டாக்டர் நம்பர் இருக்குல்ல?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

“டாக்டர், நான் கௌசிகா பேசுறேன். ஆமா, பஸ்லதான். அம்மா சொல்லிட்டாங்க. ஒண்ணு கேக்கணும். எலும்ப எடுத்தப்புறம் நான் ஹாக்கி ஆடலாமா?” வெகுநேரம் கேட்டாள். இடையிடையே ம் கொட்டினாள். “பிளேட் இருக்கிற வரைக்கும் கூடாதா. ம். வைக்கிற எலும்பு நல்லா ஒட்டிருச்சுன்னா? மொகத்துக்குக் கவசம் போட்டா? சரி டாக்டர், உறுதியாச் சொல்ல வேண்டாம்.” அப்புறம் அவள் உடம்பை முழுக்க ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் எனக்குக் கேட்டது. “டாக்டர், மொதல்லயே எடுத்திருந்தா?”

அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசையவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் பேசுகிறார், என்னவோ நீளமாகத்தான் பேசுகிறார், எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை, பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்கியது. “சரி டாக்டர்” என்றாள். போனை அணைத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“எலும்பு ஒட்டுறதுக்கே நாளாகுமாம். அப்புறம் படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க. ஆடலாம்னும் சொல்லல, கூடாதுன்னும் சொல்லல.”

“அது இல்லட்டி. கடைசியாக் கேட்டியே.”

அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். இரண்டு கன்னமும் தெரிந்தது. நான் கண்ணை மட்டும் பார்க்க முயன்றேன். என்னால் முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

“அத விடும்மா” என்றாள்.

விட்டேன். வேறென்ன செய்ய. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று பதினாலு வயதில் முடிவு செய்திருக்கிறாள். மூன்று வருசத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் அவளுக்காக ஒன்றை முடிவு செய்தேன், நல்லதற்கு என்றுதான். அது அவளுக்குள் எப்படி இருந்திருக்கும் என்பது இப்போது லேசாகத் தெரிகிறது. ரோட்டோரத்தில் கரிசல் காடு, உளுந்து எடுத்துவிட்ட வெறும் நிலம். டாக்டர் ஆமாம் என்று சொல்லியிருந்தால்? இல்லை என்று சொல்லியிருந்தால் இவள் அதைச் சொல்லாமல் இருப்பாளா? இல்லை என்றால் சொல்லியிருப்பாள், அம்மா ஒண்ணும் ஆகியிருக்காதாம் என்று உடனே சொல்லியிருப்பாள். அப்படியென்றால். ஆனால் தெரியாது என்றுகூட டாக்டர் சொல்லியிருக்கலாமே. யாருக்குத்தான் தெரியும், ரெண்டுமே தப்பில்ல என்றாரே. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன்.

அவள் மறுபடி போனைக் காதில் வைத்தாள். “அப்பா, எங்க இருக்கீங்க? சாப்ட்டீங்களா? அப்பா, திரும்ப வந்திருச்சுப்பா. அழாதீங்க, ஓரமா நிப்பாட்டுங்க மொதல்ல. நிப்பாட்டிட்டீங்களா? இந்தத் தடவ எடுத்துரலாம்னு இருக்கேன். துண்டோட. மொகம் கொஞ்சம் மாறுமாம், மாறட்டும்.” கேட்டாள். “அம்மாவா? பக்கத்துலதான் இருக்கா. அம்மா சரின்னுட்டாப்பா. ஆமா, அம்மாதான் மொதல்ல சொன்னா.”

நான் சரி என்று சொல்லியிருக்கவேயில்லை. எடுக்கலாம் என்று திருமங்கலத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவள் போனை என்னிடம் நீட்டினாள், அவர் அந்தப் பக்கம் வல்லி, வல்லி என்று கூப்பிடுவது கேட்டது. வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்னு சொல்லு என்று சைகை காட்டினேன். சொன்னாள். கண்டக்டர், கோயில்பட்டி எறங்குறவங்க முன்னால வாங்க என்று கத்தினார். கௌசிகா எழுந்து மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கூட்டம் தள்ளியது, அவளுடைய இடது பக்கம் என் பக்கம் வந்தது. “சரிட்டி” என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.